சார்லி பேர்ட்: ஜாஸுக்குள் நுழைந்த செவ்வியல் கிட்டார்

பிரேசிலில் பிறந்த போசா நோவா இசையை அமெரிக்காவில் பரப்பியவர் யார் என்று தேடுகிறவருக்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. டெனர் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸ் என்பது ஒரு பதில். கிட்டார் கலைஞர் சார்லி பேர்ட் என்பது மற்றொன்று. இருவருடைய பெயரும் ஒரே ஆல்பத்தின் அட்டையில் இருக்கின்றன. ஆனாலும் கிராமி விருது ஒருவருக்கே போயிற்று, மற்றவர் தன் பங்குப் பணத்துக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ‘பேர்ட்’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் (1920–1955) வேறு இருப்பதால், தேடல் முடிவுகளில் ஒருவருடைய வாழ்க்கை மற்றவருடையதில் கலந்து விடுகிறது. இந்தக் கட்டுரை கிட்டார் கலைஞர் சார்லி பேர்ட்டைப் (1925–1999) பற்றியது.

அவரைச் செவ்வியல் கலைஞர் என்றும் ஜாஸ் கலைஞர் என்றும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். இரண்டையும் தனித்தனியே வாசிக்கத் தெரிந்தவர் என்ற பொருளில் அதை எடுத்துக்கொண்டால் அவருடைய முக்கியத்துவம் பிடிபடாது. ஒரு மரபின் கைப்பழக்கத்தை அப்படியே எடுத்துச் சென்று இன்னொரு மரபுக்குள் வேலை செய்ய வைத்ததுதான் அவருடைய பங்களிப்பு. அதைப் புரிந்துகொள்ள முதலில் கருவியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு கிட்டார்கள், இரண்டு வலக்கைகள்

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், 1940களில் செவ்வியல் கிட்டாரும் ஜாஸ் கிட்டாரும் ஏறக்குறைய வெவ்வேறு கருவிகளாகவே இருந்தன.

1. தந்தி: செவ்வியல் கிட்டாரில் முதலில் விலங்குக் குடலால் ஆன தந்திகள் இருந்தன, இரண்டாம் உலகப் போரை ஒட்டி நைலான் வந்தது. ஜாஸ் கிட்டாரில் எஃகுத் தந்தி. நைலானின் ஒலி மென்மையானது, சீக்கிரம் அடங்குவது. எஃகின் ஒலி கூர்மையானது, கூட்டத்துக்கு நடுவிலும் கேட்பது.

2. ஒலிப்பெருக்கம்: ஜாஸ் குழுக்களில் டிரம்ஸும் ஊதுகருவிகளும் இருப்பதால், கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து மின்கிட்டாரில் தனி வாசிப்புகளைத் தந்த பிறகு, தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் ‘பிக்கப்’ பொருத்திய கருவியே ஜாஸின் அடையாளம் ஆயிற்று. செவ்வியல் மேடையிலோ ஸ்பானிய கிட்டார் மேதை ஆந்த்ரெஸ் செகோவியாவின் நிழல் நீண்டு கிடந்தது. அவர் மின்கிட்டாரை அறவே வெறுத்தவர்.

3. வலக்கை: இதுதான் மையம். ஜாஸ் கலைஞர் ‘பிக்’ எனப்படும் சிறு தகட்டால் மீட்டுகிறார். செவ்வியல் கலைஞர் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய நான்கையும், அவற்றின் நகங்களையும் பயன்படுத்துகிறார்.

மூன்றாவது வேறுபாட்டைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் சேர்க்கையைக் ‘கார்ட்’ என்கிறோம். பிக்கால் ஒரு கார்டை வாசித்தால், எவ்வளவு வேகமாக இழுத்தாலும் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஒலிக்கும்; இடையில் உள்ள ஒரு தந்தி வேண்டாம் என்றால் அதை இடக்கை விரலால் அடக்கியாக வேண்டும். விரல்களால் வாசிக்கும்போது நான்கு தந்திகளும் ஒரே கணத்தில் எழும்பும், நடுவில் இரண்டைத் தாராளமாக விட்டுவிடலாம். அதைவிட முக்கியமாக, கட்டைவிரல் கீழ்ஸ்தாயி ஸ்வரங்களை ஒரு கணக்கில் வாசிக்க, மற்ற விரல்கள் வேறொரு கணக்கில் கார்டையோ மெட்டையோ வாசிக்கலாம். ஒரே ஆள் இரண்டு வாத்தியக்காரர்களின் வேலையைச் செய்கிறார். இதற்கு விலையும் உண்டு: ஜாஸில் மின்னல் வேகத்தில் பாயும் ஒற்றை ஸ்வர வரிசைகளுக்குப் பிக் அளவுக்கு விரல்கள் எளிதில் ஈடு கொடுப்பதில்லை.

சக்கடக்கிலிருந்து சியெனா வரை

பேர்ட் 1925 செப்டம்பர் 16 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் சஃபோக்கில் பிறந்து, அருகிலுள்ள சக்கடக் என்ற சிற்றூரில் வளர்ந்தார். பத்து வயதில் தந்தையே அவருக்குக் கிட்டார் கற்றுக் கொடுத்தார். 1942இல் வர்ஜீனியா பாலிடெக்னிக் நிறுவனத்தில் சேர்ந்து அதன் இசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவரை இராணுவம் அழைத்துக்கொண்டது. ஐரோப்பியப் போர்முனையைக் கண்ட பிறகு, 1945இல் பாரிஸில் இராணுவத்தின் கேளிக்கைப் பிரிவு இசைக்குழுவில் இருந்தார். அவருடைய ஆதர்சமான ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாழ்ந்து வாசித்துக்கொண்டிருந்த நகரம் அது. தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் முடங்கிப்போன பிறகும் புதிய விரலமைப்பை உருவாக்கிக்கொண்டு வாசித்தவர் ரைன்ஹார்ட்.

போருக்குப் பிறகு நியூயார்க்கின் ஹார்னெட் தேசிய இசைப் பள்ளியில் இசையமைப்பும் ஜாஸ் இலக்கணமும் படித்தார். செவ்வியல் கிட்டாரில் அவருடைய கவனம் திரும்பியது அப்போதுதான். 1950இல் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து சோஃபொக்ளீஸ் பாப்பாஸிடம் சில ஆண்டுகள் பயின்றார். பாப்பாஸ் கிரேக்க வம்சாவளியினர், செகோவியாவின் நெருங்கிய நண்பர். இன்றுவரை செவ்வியல் கிட்டார் மாணவர்கள் தினமும் சாதகம் செய்யும் செகோவியாவின் ஸ்கேல் தொகுப்பை வெளியிட்ட கொலம்பியா மியூசிக் என்ற பதிப்பகம் அவருடையதுதான். ஆகவே 1954இல் இத்தாலியின் சியெனா நகருக்குச் சென்று செகோவியாவிடமே பேர்ட் பாடம் கேட்டது, ஏற்கெனவே போட்டிருந்த பாதையின் அடுத்த கட்டம்.

சியெனாவிலிருந்து திரும்பியவர் முழுநேரச் செவ்வியல் கச்சேரிக் கலைஞர் ஆகவில்லை. இருபது வயதைக் கடந்த பின் செவ்வியல் பயிற்சிக்கு வந்தவர் அவர். காது ஏற்கெனவே ஜாஸில் ஊறியிருந்தது. நைலான் தந்தியையும் விரல்களையும் வைத்துக்கொண்டு, பிக்கை விட்டுவிட்டு, ஜாஸுக்குத் திரும்பினார். அந்தக் காலத்து ஜாஸ் மன்றங்களில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்க வேண்டும். மேசைகளில் கண்ணாடிக் கோப்பைகள் உரசும் சத்தத்துக்கே தோற்றுப்போகும் கருவி அது.

ஷோபோட்டில் உருவான பாணி

1957இல் பேஸ் கலைஞர் கீட்டர் பெட்ஸுடன் சேர்ந்த பிறகு, வாஷிங்டனின் ஷோபோட் லௌஞ்ச் என்ற மன்றம் அவருடைய தளமாயிற்று. அங்கே செவ்வியல் உருப்படிகளைத் தனியாகவும் ஜாஸ் உருப்படிகளைக் குழுவோடும் வாசித்தார். 1959இல் வுடி ஹெர்மனின் பெரிய ஜாஸ் குழுவுடன் வெளிநாட்டுப் பயணம் போய்வந்தாலும், பெரிய குழுவில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வது அவருக்குப் பொருந்திய வேலையல்ல. மூவர் குழுவில்தான் அந்தக் கிட்டாருக்கு இடம் இருந்தது.

இந்தக் காலகட்டத்தின் சிறந்த சான்று ‘புளூஸ் சொனாட்டா’ (1961). சொனாட்டா என்பது பல பகுதிகளைக் கொண்ட மேற்கத்தியச் செவ்வியல் வடிவம். புளூஸ் என்பது பெரும்பாலும் பன்னிரண்டு தாள அளவுகளில் சுழலும் ஆப்பிரிக்க அமெரிக்க மரபு. பேர்ட் எழுதிய மூன்று பகுதிகளில் முதலாவது பொலொனேஸ் (போலந்து நடன வடிவம்), இரண்டாவது பாலட் (மெதுவான மெட்டு), மூன்றாவதன் தலைப்பு ‘பழைய செருப்புக்கு ஒரு ஸ்கெர்ட்ஸோ’; ஸ்கெர்ட்ஸோ என்பது துள்ளலான, விளையாட்டுத்தனமான செவ்வியல் வடிவம். தலைப்பிலேயே தெரிகிற அந்தக் கேலி முக்கியமானது. செவ்வியல் வடிவத்தைப் பயன்படுத்தி ஜாஸுக்கு மரியாதை தேடித் தருகிற மனப்பான்மை ஐம்பதுகளில் பரவலாக இருந்தது. அந்த வகை முயற்சிகள் பலவும் இன்று கேட்கச் சலிப்பூட்டுகின்றன. பேர்ட்டிடம் அந்த விறைப்பு இல்லை.

1961: அரசுச் செலவில் ஒரு பயணம்

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் கலைஞர்களை உலகெங்கும் அனுப்பி வந்தது. 1956இல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி போனதுதான் தொடக்கம். நாட்டின் கலைப் பெருமையைக் காட்டுவது வெளிநோக்கம். சோவியத் பிரச்சாரத்துக்குப் பதில் சொல்வது உள்நோக்கம். 1961இல் பேர்ட்டின் மூவர் குழு, அதாவது பேர்ட், பெட்ஸ், டிரம்ஸ் கலைஞர் பட்டி டெப்பன்ஷ்மிட் ஆகியோர், இத்திட்டத்தின்கீழ் இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்குச் சென்றனர். வீட்டுக்கு வீடு நைலான் தந்திக் கிட்டார் இருக்கும் நிலப்பகுதிக்கு அதே கிட்டாரை வாசிக்கும் ஜாஸ் கலைஞரை அனுப்பியது பொருத்தமான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

பிரேசிலில் அப்போது போசா நோவா புதுசு. இசையமைப்பாளர் ஆன்டோனியோ கார்லோஸ் ஜோபிம், கவிஞர் வினிசியஸ் டி மொரைஸ், பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவாவ் ஜில்பெர்டோ ஆகியோரின் கூட்டில் 1958இல் வெளிவந்த ‘ஷேகா டி சௌடாடே’ பதிவோடு அது வெளிச்சத்துக்கு வந்தது. பிரேசிலின் நடன இசையான சாம்பாவின் பெரிய தாளக்கட்டைச் சுருக்கி ஒரு கிட்டாருக்குள் அடக்கி, பாட்டை முணுமுணுப்பு அளவுக்குத் தணித்து, கார்டுகளில் ஜாஸின் சாயலைச் சேர்த்ததுதான் அதன் புதுமை.

பேர்ட் குழுவினர் அங்கே கேட்டதை வெறும் நினைவாகக் கொண்டு வரவில்லை. இசைத்தட்டுகளோடும், உள்ளூர்க் கலைஞர்களோடு பழகிப் பிடித்த தாளத்தோடும் திரும்பினார்கள். போசா நோவா ஆல்பம் செய்யும் யோசனை முதலில் தன்னுடையதே என்று டெப்பன்ஷ்மிட் பின்னாளில் பகிரங்கமாகச் சொன்னார். தாளத்தை மையமாகக் கொண்ட ஓர் இசையைத் தாளக் கலைஞர் முதலில் இனங்கண்டார் என்பதில் நம்பத்தகாதது எதுவும் இல்லை.

போசா நோவா கிட்டாரில் என்ன நடக்கிறது

போசா நோவாவின் கிட்டார் வாசிப்பைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் தெரியும்.

1. கட்டைவிரல், இரண்டு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஒரு பேஸ் (கீழ்ஸ்தாயி) ஸ்வரத்தைச் சீராகப் போடுகிறது. இது சாம்பாவின் பெரிய முரசான சுர்தோவின் இடத்தில் நிற்கிறது.

2. மற்ற மூன்று விரல்களும் ஒரு கார்டை மொத்தமாகக் கிள்ளுகின்றன. ஆனால் எண்ணிக்கையின் மேல் அல்ல, பெரும்பாலும் அதற்குச் சற்று முன்போ பின்போ. கர்நாடக இசையில் எடுப்பு சமத்தில் விழாமல் தள்ளி விழுவதை அறிந்தவர்களுக்கு இந்த உணர்வு புதிதல்ல.

இப்போது வலக்கை பற்றி முன்பு சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கட்டைவிரலும் மற்ற விரல்களும் தனித்தனிக் கணக்கில் இயங்குவதும், கார்டின் எல்லா ஸ்வரங்களும் ஒரே கணத்தில் ஒலிப்பதும் செவ்வியல் பயிற்சியின் அரிச்சுவடி. பிக்கோடு வளர்ந்த ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞருக்கு இந்த இசை காதில் ஏறியிருக்கும், கையில் ஏறியிருக்காது. பேர்ட்டுக்குக் கை தயாராக இருந்தது. ஷோபோட்டில் அவர் வாசித்த ஆண்டுகள் எல்லாம் இதற்கான ஒத்திகை என்று தோன்றும் அளவுக்கு இந்தப் பொருத்தம் அமைந்தது.

ஜாஸ் கலைஞர்களை ஈர்த்தது தாளம் மட்டுமல்ல. ஜோபிமும் நியூட்டன் மென்டோன்சாவும் உருவாக்கிய ‘ஒற்றை ஸ்வர சாம்பா’வில் மெட்டு ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டே இருக்கிறது, அதற்கு அடியில் பேஸ் டி, டி ஃப்ளாட், சி, பி என அரை அரைப் படியாக இறங்குகிறது. மேலே அசையாமல் நிற்கும் அந்த ஒரே ஸ்வரம், அடியில் கார்ட் மாற மாற வேறு வேறு நிறம் காட்டுகிறது. அதே இருவரின் ‘டெசஃபினாடோ’விலோ, காது எதிர்பார்க்கும் இடத்திலிருந்து அரைப் படி விலகி ஒரு ஸ்வரம் தொடக்க வரியிலேயே அமர்கிறது. மனோதர்மத்தில் வளர்ந்த கலைஞருக்கு இப்படிப்பட்ட மெட்டுகள் திறந்த கதவு.

1962 பிப்ரவரி 13

ஸ்டான் கெட்ஸுக்கு இந்த இசையை அறிமுகம் செய்தவர் பேர்ட். கெட்ஸும் வெர்வ் நிறுவனத்தின் தயாரிப்பாளர் கிரீட் டெய்லரும் வாஷிங்டனுக்கு வந்தனர். பதிவு நடந்தது ஸ்டூடியோவில் அல்ல. ஆல் சோல்ஸ் யூனிடேரியன் தேவாலயத்தை ஒட்டிய பியர்ஸ் ஹாலில். ஏழு உருப்படிகளும் ஒரே அமர்வில் முடிந்தன. கெட்ஸைத் தவிர வாசித்தவர்கள் அனைவரும் பேர்ட்டின் வட்டத்தினர்: பேர்ட், அவருடைய தம்பி ஜீன் பேர்ட் (பேஸும் கிட்டாரும்), கீட்டர் பெட்ஸ், டிரம்ஸில் டெப்பன்ஷ்மிட், பில் ரைக்கன்பாக். கெட்ஸ் வந்து சேர்ந்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தில் என்பது இதிலிருந்தே தெளிவாகும்.

‘ஜாஸ் சாம்பா’ என்ற பெயரில் 1962 ஏப்ரலில் வெளிவந்த இந்த ஆல்பம், 1963 மார்ச்சில் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பொது ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ‘டெசஃபினாடோ’ ஆல்பத்தில் ஏறக்குறைய ஆறு நிமிடம். வானொலிக்கான ஒற்றைத் தட்டில் அது இரண்டு நிமிட அளவுக்கு வெட்டப்பட்டு, பாட்டுகளுக்கான பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது. அதற்கான கிராமி விருது 1963இல் கெட்ஸுக்கு வழங்கப்பட்டது.

இசையைப் பொறுத்தவரை ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஜில்பெர்டோவின் பதிவுகளைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், தாளம் கனமாகத் தெரியும். இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள் தேவைக்கு அதிகம். பேர்ட்டின் தனி வாசிப்பில் புளூஸின் நெடி தூக்கலாக இருக்கிறது. சுத்தமான போசா நோவா வேண்டுவோர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஆல்பத்தின் தலைப்பிலேயே ஜாஸ் முதலில் நிற்கிறது. பிரேசில் பாணியை நகலெடுப்பது அதன் நோக்கமல்ல.

வழக்கு எதைப் பற்றியது

இந்தப் பகுதியில்தான் வாசகர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஓர் இசைத்தட்டிலிருந்து வரும் பணம் மூன்று வெவ்வேறு வாய்க்கால்களில் ஓடுகிறது.

1. பாட்டை இயற்றியவருக்கான உரிமைத்தொகை. ‘டெசஃபினாடோ’வுக்கு இது ஜோபிமுக்கும் மென்டோன்சாவுக்கும் உரியது. மென்டோன்சா 1960இலேயே இறந்துவிட்டார்; தன் பாட்டு அமெரிக்காவை ஆட்டிப் படைத்ததை அவர் பார்க்கவில்லை.

2. முதன்மைக் கலைஞருக்கு விற்பனையைப் பொறுத்துக் கிடைக்கும் உரிமைத்தொகை.

3. உடன் வாசிப்பவர்களுக்குப் பதிவு நாளுக்கென ஒருமுறை தரப்படும் கூலி. தட்டு ஆயிரம் விற்றாலும் பத்து இலட்சம் விற்றாலும் இது மாறாது.

பேர்ட்டின் புகார் இரண்டாவது வாய்க்காலைப் பற்றியது. அட்டையில் கெட்ஸுக்குச் சமமாகப் பெயர் இருந்தும், பதிவான இசைக்கு அடித்தளமே அவருடைய குழுவாக இருந்தும், வருவாயில் தனக்கு உரிய பங்கு தரப்படவில்லை என்று அவர் கெட்ஸ் மீதும், வெர்வின் உரிமையாளரான எம்.ஜி.எம். நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, ஆல்பத்தின் உரிமைத்தொகையில் பாதியை அவருக்கு வழங்கியது.

இங்கே ஒரு நியாயத்தைக் கவனிக்க வேண்டும். சட்டமும் சந்தையும் மெட்டை வாசிப்பவரைக் கலைஞர் என்றும், அதைத் தாங்குபவரைத் துணை என்றும் எளிதில் பிரித்துவிடுகின்றன. போசா நோவாவில் அந்தப் பிரிவினை செல்லாது, ஏனென்றால் அங்கே கிட்டாரின் தாளக்கட்டே இசையின் அடையாளம். ‘ஜாஸ் சாம்பா’விலிருந்து சாக்ஸபோனை எடுத்துவிட்டாலும் எஞ்சுவது போசா நோவாதான், கிட்டாரை எடுத்துவிட்டால் எஞ்சுவது வழக்கமான கெட்ஸ் இசை. அதே சமயம், கெட்ஸின் அந்தக் குழைவான ஒலி இல்லாமல் ஆல்பம் முதலிடத்துக்குப் போயிருக்காது என்பதும் உண்மை. பாதிக்குப் பாதி என்ற தீர்ப்பு இசைக் காதுக்கும் சரியாகவே படுகிறது. டிரம்ஸ், பேஸ் கலைஞர்களின் பங்கு என்ன என்ற கேள்வியோ அந்தத் தீர்ப்பில் அடங்கவில்லை.

கெட்ஸ் 1963 மார்ச்சில் ஜோவாவ் ஜில்பெர்டோவோடும் ஜோபிமோடும் பதிவு செய்து 1964இல் வெளியிட்ட ஆல்பம், ‘இபனேமா பெண்’ணோடு உலகையே சுற்றி வந்தது. பொதுநினைவில் கெட்ஸின் பெயர் மட்டும் நிலைத்ததற்கு அந்த இரண்டாவது வெற்றியே பெரிய காரணம்.

பிந்திய முப்பது ஆண்டுகள்

1973இல் மேரிலாந்தின் அனாபொலிஸ் நகரில் குடியேறிய பேர்ட், கிட்டார் கற்பிக்கும் நூல் ஒன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டார். ஜாஸ் கிட்டார் கலைஞர்கள் ஹெர்ப் எல்லிஸ், பார்னி கெஸ்ஸல் ஆகியோருடன் ‘கிரேட் கிட்டார்ஸ்’ என்ற குழுவை அமைத்ததும் அக்காலத்தில்தான். எல்லிஸும் கெஸ்ஸலும் எஃகுத் தந்தி, மின்கிட்டார், பிக். பேர்ட் நைலான், விரல்கள். கட்டுரையின் தொடக்கத்தில் பட்டியலிட்ட வேறுபாடுகள் அத்தனையும் ஒரே மேடையில் அருகருகே அமர்ந்திருந்தன. கான்கார்டு நிறுவனம் இவர்களுடைய ஆல்பங்களை வெளியிட்டது.

பேர்ட்டுக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் பிரேசிலில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த லாரின்டோ அல்மெய்டா (1917–1995). சாக்ஸபோன் கலைஞர் பட் ஷாங்க்கோடு 1953இலேயே நைலான் தந்தியில் பிரேசில் மெட்டுகளையும் ஜாஸையும் கலந்து பதிவு செய்தவர் அவர். போசா நோவாவின் அந்தக் குறிப்பிட்ட தாள அமைப்பு அப்போது பிறந்திருக்கவில்லை என்பதால், அதை போசா நோவாவின் தொடக்கம் என்று சிலர் சொல்வது சற்று மிகை. எண்பதுகளில் பேர்ட்டும் அல்மெய்டாவும் சேர்ந்து சில ஆல்பங்கள் வாசித்தார்கள்.

தொண்ணூறுகளில் வாஷிங்டன் கிட்டார் குவின்டெட் என்ற ஐவர் குழு மூலம் பேர்ட் மீண்டும் செவ்வியல் பக்கம் அதிகம் சாய்ந்தார். 1999இல் பிரேசில் அரசு தன் ரியோ பிராங்கோ விருதை அவருக்கு அளித்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று நுரையீரல் புற்றுநோயால் அனாபொலிஸில் காலமானார். இன்று ஜாஸில் நைலான் தந்தியை வாசிக்கும் எவரிடமும் யாரும் காரணம் கேட்பதில்லை. ஜீன் பெர்ட்டொன்சினி, எர்ல் க்ளூ போன்ற பிற்கால ஜாஸ் கிட்டார் கலைஞர்களுக்கு அந்தக் கேள்வி எழாமல் போனதில் பேர்ட்டின் ஷோபோட் ஆண்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

எங்கிருந்து கேட்கலாம்

1. முதலில் ‘ஜாஸ் சாம்பா’வின் ‘டெசஃபினாடோ’. முதல் முறை சாக்ஸபோனை விட்டுவிட்டு, கட்டைவிரல் போடும் பேஸையும் மற்ற விரல்கள் கிள்ளும் கார்டையும் மட்டும் தொடருங்கள்.

2. அடுத்து ‘புளூஸ் சொனாட்டா’வின் மூன்றாம் பகுதி. போசா நோவாவுக்கு முந்தைய பேர்ட் எப்படி யோசித்தார் என்பது இதில் தெரியும்.

3. பிறகு அல்மெய்டாவுடன் 1981இல் வெளிவந்த ‘பிரேசிலியன் சோல்’. இரண்டுமே நைலான் தந்தி என்பதால் யார் வாசிப்பது எது என்று முதலில் பிரித்தறிய முடியாது. சற்றுப் பழகிய பின், தாளத்தின் மேல் மெத்தென்று அமர்ந்து வாசிப்பவர் அல்மெய்டா என்றும், ஸ்வரத்தை வளைத்து புளூஸ் பக்கம் இழுப்பவர் பேர்ட் என்றும் காது தானாகவே சொல்லிவிடும்.